குளிசையா, கருவியா? பரம்பரை இதயத்தசை நோய்க்கு வன்னியிலிருந்து ஒரு கணக்கு

2023 மாசி மாதம், காலபோக அறுவடை முடிந்து நெல் மூட்டைகளை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது அண்ணா விழுந்தார். பதினெட்டாவது மூட்டையா பத்தொன்பதாவதா என்று கூட நின்ற மச்சானுக்கு நினைவில்லை. "நெஞ்சுக்குள் தண்ணீர் மோட்டர் ஓடுகிறது" என்று சொல்லி மூட்டையை இறக்கி வைத்திருக்கிறார். அடுத்த நிமிடம் நிலத்தில் கிடந்திருக்கிறார். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்த அம்புலன்ஸ் வந்தபோது நினைவு திரும்பியிருந்தது. ஆனால் நாடி நிமிடத்துக்கு 220 தடவை அடித்துக்கொண்டிருந்தது. வைத்தியசாலையில் மின்னதிர்ச்சி கொடுத்துத்தான் அந்த ஓட்டத்தை நிறுத்தினார்கள்.

அதற்கு ஒன்றரை வருடம் முன்பே அண்ணா படபடப்பு என்று ஒரு தனியார் கிளினிக்குக்குப் போயிருந்தார். வாயு என்று சொல்லிக் குளிசை கொடுத்து அனுப்பினார்கள். ஐந்து நிமிட வேலையான ஈசிஜியை அன்று யாரும் எடுக்கவில்லை. இன்றும் எனக்கு ஆறாத கோபம் அதுதான். உழைக்கும் வயதிலுள்ள ஒருவர் பாரமான வேலையின்போது படபடத்தது, கண் இருட்டியது என்று சொன்னால், வாயு என்ற முடிவுக்குப் போவதற்கு முன் ஒரு ஈசிஜி எடுத்தே ஆகவேண்டும். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

யாழ் போதனா வைத்தியசாலையில் நோயின் பெயர் தெரிந்தது: தாளப் பிறழ்வை உண்டாக்கும் பரம்பரை இதயத்தசை நோய். ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து ஏஆர்விசி என்கிறார்கள். உலக அளவில் 2,000 பேருக்கு ஒருவர் முதல் 5,000 பேருக்கு ஒருவர் வரை இது இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். பெயரைச் சொன்ன டொக்டர் அடுத்துக் கேட்ட கேள்வி, "வீட்டில் இளம் வயதில் யாராவது திடீரென்று இறந்தார்களா?"

அம்மா என்னைப் பார்த்தார். அப்பா 2002 இல், ஏ9 பாதை திறந்த அந்த வருடம், வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தபோது மண்வெட்டியோடு சரிந்தார். வயது 38. வலிப்பு வந்து இறந்தார் என்று எழுதினார்கள். அவருடைய தம்பி, எங்கள் சித்தப்பா, குளத்தில் நீந்தும்போது மூழ்கித் தாண்டார். அவ்வளவு நல்ல நீச்சல்காரர் எப்படித் தாண்டார் என்று எங்கள் வீட்டில் இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தோம். கழிப்புக் கழித்ததும் நேர்த்தி வைத்ததும் தனிக்கதை. வன்னியில் மூன்று தலைமுறைக் குடும்ப வரலாறு கேட்பது எளிதான காரியமில்லை. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து இறப்புச் சான்றிதழ்களும் வைத்தியசாலைத் துண்டுகளும் போய்விட்டன. போரில் இறந்தவர்களின் பெரும் எண்ணிக்கைக்குள் நோயில் இறந்தவர்கள் மறைந்துபோனார்கள். ஆகவே கடுதாசியைத் தேடாமல், உயிரோடிருக்கும் பெரியம்மாவையும் மாமாவையும் உட்கார வைத்துக் கேளுங்கள். 'வலிப்பு', 'தண்ணீரில் தாண்டது', 'நடந்துகொண்டிருந்தவர் அப்படியே விழுந்தார்', 'காத்துக் கறுப்பு' என்று எந்தச் சொல் வந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள்.

கட்டு அவிழும் வேலி

எனக்கு இந்த நோய் புரிந்தது கிடுகு வேலியை நினைத்தபோதுதான். கிடுகு எவ்வளவு நன்றாக இருந்தாலும், கட்டுக் கயிறு இற்றிருந்தால் ஒவ்வொரு காற்றுக்கும் வேலி கொஞ்சம் கொஞ்சமாக விலகும். இதயத்தசைக் கலங்களை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கும் கட்டுகளுக்கு டெஸ்மோசோம் என்று பெயர். இந்த நோய் உள்ளவர்களில் அந்தக் கட்டைச் செய்யும் மரபணு ஒன்றில் பிழை இருக்கிறது. அதிகம் காணப்படுவது பிகேபி2 என்ற மரபணு. நோய்க்கும் அதற்கும் உள்ள தொடர்பு 2004 இல் கண்டறியப்பட்டது. கடும் உழைப்பில் இதயம், முக்கியமாக மெல்லிய சுவருள்ள வலது கீழறை, இழுபட்டு விரிகிறது. கட்டுகள் விடுகின்றன. இறந்த தசையின் இடத்தைக் கொழுப்பும் தழும்பும் நிரப்புகின்றன. தழும்புக்குள் மின்னோட்டம் வழி தவறிச் சுழலத் தொடங்கும்போது, அண்ணா சொன்ன தண்ணீர் மோட்டர் ஓடுகிறது.

பெரும்பாலும் பெற்றோரில் ஒருவரிடமிருந்து ஒரு பிழை வந்தாலே போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பிழை வந்தவர் எல்லோருக்கும் நோய் வெளிப்படுவதில்லை. சிலர் எழுபது வயது வரை ஒன்றும் அறியாமல் வாழ்கிறார்கள். மச்சாளைக் கல்யாணம் முடித்ததால்தான் வந்தது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். எங்கள் அம்மாவும் அப்பாவும் உறவினரே இல்லை. இரண்டு பக்கமும் பிழை வந்தால் மட்டும் தோன்றும் அரிய வகை ஒன்றும் இருக்கிறது. கிரேக்கத்தின் நக்சோஸ் தீவில் 1986 இல் விவரிக்கப்பட்டது அது. கம்பளி போன்ற சுருட்டை முடியும், உள்ளங்கை உள்ளங்கால் தடிப்பும் அதன் அடையாளங்கள். சொந்தத்துக்குள் திருமணம் அதிகமுள்ள குடும்பத்தில் இந்த அடையாளங்களோடு ஒரு பிள்ளை இருந்தால் டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

அண்ணாவின் முன் இருந்த தெரிவுகள்

மூன்று வழிகளைப் பேசினார்கள்: குளிசையும் உழைப்புக் கட்டுப்பாடும், ஆபத்தான துடிப்பை அதிர்ச்சி கொடுத்து நிறுத்த நெஞ்சுக்குள் வைக்கும் ஐசிடி கருவி, வடிகுழாய் வழியாகப் பிழையான மின்பாதையைச் சுட்டுப் பொசுக்கும் அப்லேஷன். இவை ஒன்றுக்கு ஒன்று மாற்று என்று நாங்கள் நினைத்தோம். உண்மையில் ஒவ்வொன்றும் வேறு வேலை செய்கிறது. அது புரியும்வரை எங்கள் வீட்டுப் பேச்சு சண்டையாகவே முடிந்தது.

உழைப்பைக் குறைப்பது ஒன்றுதான் இதயத்துக்குள் நோய் பரவும் வேகத்தைத் தொடுகிறது. 2013 இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆய்வாளர்கள், பிழையான மரபணுவைச் சுமப்பவர்களில் கடும் பயிற்சி செய்தவர்களுக்கு நோய் இளவயதிலேயே வெளிப்பட்டதையும், ஆபத்தான துடிப்புகள் அதிகம் வந்ததையும் காட்டினார்கள். காசு வேண்டாம், கொழும்புப் பயணம் வேண்டாம், பக்கவிளைவு இல்லை. ஆனால் இந்த அறிவுரை ஓட்டப்பந்தய வீரர்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. விளையாட்டை விடு என்று ஒரு வீரரிடம் சொல்வது வேறு; மண்வெட்டியை விடு என்று ஒரு வயல்காரரிடம் சொல்வது வேறு. அண்ணாவிடம் மூன்று ஏக்கர் வயல் இருக்கிறது. மூட்டை தூக்குதல், வரம்பு வெட்டுதல், மழைக்கு முன் ஓடி ஓடி நெல் அள்ளுதல், எல்லாம் இதயத்துக்குப் பந்தயமே. முல்லைத்தீவுக் கரையில் கரைவலை இழுப்பவருக்கும் இதே நிலைதான்.

நாங்கள் வைத்துக்கொண்ட அளவுகோல் எளியது: மூச்சு வாங்காமல் கதைத்துக்கொண்டே செய்யக்கூடிய வேலை என்றால் செய்யலாம். நீர் கட்டுவது, கன்று நடுவது, உழவு இயந்திரத்தின் பின்னால் நின்று கணக்குப் பார்ப்பது சரி. மூட்டைக்குக் கூலி ஆள். அந்தக் கூலிக்காக ஒரு போகத்தில் ஒரு ஏக்கரைக் குத்தகைக்கு விட்டோம். அண்ணாவுக்கு மனம் உடைந்தது கருவி வைத்த நாளில் அல்ல, அந்தக் குத்தகை எழுதிய நாளில்.

குளிசையில் முதலாவது பீட்டா புளொக்கர். உழைப்பின்போதும் பதற்றத்தின்போதும் சுரக்கும் அட்ரினலின் இதயத்தைத் தூண்டுவதை அது மட்டுப்படுத்துகிறது. களைப்பு வரும், இழுப்பு நோய் (ஆஸ்துமா) உள்ளவர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அது போதாதபோது சோட்டலோல் அல்லது அமியோடரோன். இங்கே வன்னிக்காரர் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு உண்டு. சோட்டலோல் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. வவுனியா உட்படக் காரணம் தெரியாத சிறுநீரக நோய் பரவியிருக்கும் பகுதிகளில், சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனை பார்க்காமல் அந்தக் குளிசையைத் தொடங்கவே கூடாது. அமியோடரோன் எடுப்பவரின் தோல் வெயிலில் எளிதில் கருகும்; நாள் முழுவதும் வயலில் நிற்பவருக்கு முழுக்கைச் சட்டையும் தொப்பியும் மருந்தின் பகுதி. தைரொயிட், ஈரல் பரிசோதனைகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்யவேண்டும், நுரையீரலையும் கவனிக்கவேண்டும். முப்பது வயதில் தொடங்கி முப்பது வருடம் எடுப்பதற்கு ஏற்ற மருந்து இது என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, குளிசை துடிப்பின் கோளாறைக் குறைக்கும். திடீர் மரணத்திலிருந்து காக்கும் என்ற உறுதியை அது தராது. குளிசை மட்டும் என்ற தெரிவுக்கு இன்னொரு பலவீனமும் இருக்கிறது. 2022 நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு எப்படி இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். பீட்டா புளொக்கரைச் சட்டென்று நிறுத்துவது ஆபத்து. ஒரு மாதக் குளிசையைக் கையிருப்பாக வைத்திருப்பது என்று அன்றிலிருந்து அம்மா முடிவு செய்துவிட்டார். அரிசிப் பானைக்குப் பக்கத்து அலுமாரியில் அதற்கென்று ஒரு தகரப் பெட்டி இருக்கிறது.

ஐசிடி கருவி இடது காறையெலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில் வைக்கப்படுகிறது. அதிலிருந்து ஒரு வயர் இரத்தக்குழாய் வழியாக வலது கீழறைக்குள் போகிறது. துடிப்பு எல்லை மீறினால் முதலில் சில வேகமான மெல்லிய துடிப்புகளை அனுப்பி, வலியில்லாமலே அடக்கப் பார்க்கும். முடியாவிட்டால் அதிர்ச்சி கொடுக்கும். மனிதரில் முதன்முதலாக இது பொருத்தப்பட்டது 1980 இல். திடீர் மரணத்தைத் தடுப்பதில் இதற்கு இணையான வழி இன்றுவரை இல்லை. ஏற்கனவே இதயம் நின்று பிழைத்தவருக்கும், மயக்கத்தோடு நீடித்த வேகத்துடிப்பு வந்தவருக்கும் கருவி வைக்க வேண்டும் என்பதில் நிபுணர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. அண்ணா இந்த வகை.

ஆனால் கருவி நோயை ஒரு துளியும் நிறுத்தாது. கருவி இருக்கிறதே என்று மறுபடி மூட்டை தூக்கினால் வேலி முன்னைப்போலவே அவிழும். பற்றரி ஏழு முதல் பத்து வருடம் வரை ஓடும், பிறகு மாற்றவேண்டும். 36 வயதில் வைத்தவருக்கு வாழ்நாளில் எத்தனை மாற்றம் என்று நீங்களே கணக்குப் பார்க்கலாம். தொற்று வரலாம், வயர் முறியலாம். தேவையில்லாத நேரத்தில் அதிர்ச்சி அடிக்கவும் கூடும். இந்த நோயில் வயர் போய்ப் பதியும் இடமே மெலிந்துகொண்டிருக்கும் தசை என்பதால், காலம் போகப் போகச் சைகை குறையலாம். வயரை இதயத்துக்குள் விடாமல் தோலுக்கடியில் மட்டும் வைக்கும் வகையும் உண்டு. அதற்கு அந்த வலியில்லாத அடக்கும் வேலை தெரியாது. இந்த நோயில் அந்த வேலை நன்றாகப் பலிப்பதால், அண்ணாவுக்கு வழமையான வகையையே சொன்னார்கள். எனக்கும் அதுவே சரியென்று பட்டது.

கருவி வைத்து எட்டாம் மாதம் அண்ணாவுக்கு முதல் அதிர்ச்சி வந்தது. காய்ச்சலோடு படுத்திருந்தார். பின்னாலிருந்து மாடு முட்டியதுபோல் இருந்தது என்றார். பரிசோதித்ததில் அது தேவையான அதிர்ச்சி என்று தெரிந்தது. அன்றைக்குக் கருவி இல்லையென்றால் எங்களுக்கு அண்ணா இல்லை. காய்ச்சலும், வயிற்றோட்டமும், சித்திரை வெயிலில் நீர் வற்றுவதும் இத்தகைய இதயத்துக்கு உழைப்பைப் போலவே தூண்டல்கள். காய்ச்சலை உடனே இறக்குவது, உப்பும் நீரும் குறையாமல் பார்ப்பது, இவையும் சிகிச்சைதான்.

அப்லேஷனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். அதிர்ச்சி அடிக்கடி வருபவருக்கு அது பெரிய நிம்மதி. எங்களுக்கு அதற்குக் கொழும்புக்குத்தான் போகவேண்டும். நோய் பரவப் பரவப் புதிய பாதைகள் உண்டாவதால் பலருக்குத் திரும்ப வருகிறது. ஆகவே கருவிக்குப் பதிலாக அதைச் செய்வதில்லை, கருவியோடு சேர்த்துச் செய்கிறார்கள். அண்ணாவுக்கு இப்போது தேவையில்லை.

தூரத்தை எந்தத் தட்டில் வைப்பது

கொழும்பில் இருக்கும் உறவினர் ஒருவர், "இவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு கருவியைப் பராமரிக்க முடியுமா, குளிசையோடு இருக்கட்டுமே" என்றார். நல்ல எண்ணத்தோடு சொன்னதுதான். நாங்களும் சில நாள் அப்படித்தான் நினைத்தோம். மாங்குளத்திலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 100 கிலோமீற்றர், கொழும்பு 300. எங்கள் ஒழுங்கைக்குள் மாரியில் வாகனம் புதையும்.

ஆனால் கணக்கை மறுபக்கம் திருப்பிப் பாருங்கள். இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுபோனால், அதிர்ச்சி கிடைக்காமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. எங்கள் வீட்டுக்கு அம்புலன்ஸ் வர ஆகக் குறைந்தது இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்தை நெஞ்சுக்குள் இருக்கும் கருவி பத்து, இருபது விநாடியாக்குகிறது. ஆபத்து உயர்ந்தவருக்கு, தூரம்தான் கருவி வைக்க வேண்டியதற்கு முதல் காரணம். ஆபத்துக் குறைந்தவருக்கு அதே தூரம் எதிர்த்தட்டில் ஏறுகிறது: தொற்று வந்தாலோ, தேவையில்லாத அதிர்ச்சி தொடர்ந்து அடித்தாலோ, அந்த 300 கிலோமீற்றரை இரவோடு இரவாக ஓடவேண்டியவர் அவர். பயத்துக்காகக் கருவி வைப்பதும் தூரத்துக்காகத் தவிர்ப்பதும் இரண்டுமே பிழையான கணக்குகள் என்பது என் எண்ணம். ஆபத்து எவ்வளவு என்று முதலில் அளந்துவிட்டுத்தான் தூரத்தைத் தராசில் போடவேண்டும்.

எங்கே செய்வது என்ற கேள்விக்கும் இது பொருந்தும். அரச வைத்தியசாலையில் கட்டணம் இல்லை, காத்திருப்பு இருக்கிறது. கொழும்புத் தனியார் வைத்தியசாலையில் காத்திருப்பு இல்லை. காணி ஈடு வைக்கவேண்டிவரும். பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் ஓடுவதால் இந்தியாவுக்குப் போனால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். வைத்தியம் அங்கே சிறப்பாகவே நடக்கும். ஆனால் கருவியை மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தந்த நிறுவனத்தின் கணினியில் வைத்துப் படிக்கவேண்டும். வேறு நாட்டில் வைத்த கருவியை இங்கே படிக்க வசதி உண்டா என்பதை விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும். அண்ணாவுக்கு நாங்கள் அரச வைத்தியசாலையில் காத்திருந்தோம். வைத்தியசாலையில் படுக்கையிலேயே வைத்திருந்ததால் அந்தக் காத்திருப்பு பாதுகாப்பான காத்திருப்பாக இருந்தது.

கருவி வைத்தபின் வன்னி வாழ்க்கையில் கவனிக்க வேண்டியவை வேறு மாதிரி. நான்கு, ஆறு கிழமைக்கு அந்தப் பக்கக் கையைத் தோளுக்கு மேல் தூக்கக்கூடாது. கிணற்றில் நீர் அள்ளக்கூடாது. அண்ணி அள்ளினார், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அள்ளினார்கள். கைப்பேசியைச் சட்டையின் இடது பையில் வைப்பதில்லை. வெல்டிங் செய்யும் இடத்திலிருந்து விலகி நிற்கவேண்டும். யானை வேலியின் மின்கம்பி பக்கம் போகவே கூடாது. சோதனை இடத்தில் கைக் கருவியால் தடவ வந்தால் கருவி அட்டையைக் காட்டவேண்டும். மயக்கமோ அதிர்ச்சியோ வந்தபின் சில மாதங்களுக்கு மோட்டர் சைக்கிள் ஓட்டக்கூடாது. பஸ் இரண்டு மணிக்கு ஒன்று வரும் ஊரில் இது சிறிய இழப்பு இல்லை. எங்களுக்கு இதுதான் அன்றாடத்தில் அதிகம் கடித்தது.

உடம்புக்குள் இருக்கும் இரும்பு

இந்த நோயைத் துல்லியமாகப் பார்க்க எம்ஆர்ஐ நல்லது. வலது கீழறையின் அளவையும் அசைவையும் தழும்பையும் அது எக்கோ என்ற ஒலி அலைப் படத்தைவிடத் தெளிவாகக் காட்டும். ஆனால் எம்ஆர்ஐ ஒரு பெரும் காந்தம். 2009 இல் வன்னியிலிருந்து உயிரோடு வெளியே வந்தவர்களில் எத்தனை பேரின் உடம்பில் செல் (எறிகணை) துண்டு இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். அண்ணாவுக்கு முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில் ஒன்று. அம்மாவுக்குத் தொடையில் இரண்டு.

செல் துண்டு இருக்கிறது என்று கேட்காமலே சொல்லிவிடுங்கள். வழமையான கேள்வித்தாளில் அறுவைச்சிகிச்சை, உலோகத் தகடு என்றுதான் இருக்கும். ஆறிப்போன காயத்தை நம்மவர்கள் மறந்தே போவார்கள், அல்லது சொன்னால் வேறு விசாரணை வருமோ என்று மறைப்பார்கள். முதலில் எக்ஸ்ரே எடுத்து, துண்டு எங்கே இருக்கிறது என்று பார்த்து, கதிரியக்க நிபுணர் முடிவெடுப்பார். கண், முள்ளந்தண்டு, பெரிய இரத்தக்குழாய் ஆகியவற்றின் அருகே என்றால் எம்ஆர்ஐ பெரும்பாலும் கிடையாது. தசைக்குள் ஆழமாக அசையாமல் இருப்பதைச் சிலவேளை அனுமதிப்பார்கள். அண்ணாவுக்கு மறுத்தார்கள். அதனால் நோயை முடிவு செய்ய முடியாமல் போகவில்லை. 2010 இல் திருத்தப்பட்ட சர்வதேச அளவுகோல்களில் ஈசிஜி, எக்கோ, துடிப்பின் வகை, குடும்ப வரலாறு எல்லாவற்றுக்கும் எடை இருக்கிறது. எம்ஆர்ஐ கிடைக்காதவர் மனம் தளரத் தேவையில்லை. கிடைக்கக்கூடியவர் கருவி வைப்பதற்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது. பின்னர் கருவியின் உலோகம் படத்தைக் கெடுக்கும்.

மற்ற மூவர்

அண்ணாவுக்குப் பெயர் சொன்ன அன்றே எங்கள் எல்லோருக்கும் ஈசிஜி, எக்கோ, இதயத்துடிப்பை இருபத்துநான்கு மணிநேரம் தொடர்ந்து பதியும் ஹோல்டர் என்று எழுதினார்கள். பெற்றோர், சகோதரர், பிள்ளைகள் என்ற முதல் வட்டம். அம்மாவுக்கு எதுவும் இல்லை.

எனக்கு இருந்தது. ஈசிஜியில் நெஞ்சின் முன்பக்கத்தைப் பார்க்கும் வி1 முதல் வி3 வரையான மூன்று இடங்களிலும், டி அலை என்ற வளைவு தலைகீழ். வளர்ந்த ஒருவரின் ஈசிஜியில் அது இந்த நோய்க்கு முக்கியமான அடையாளம். ஹோல்டரில் ஒரு நாளில் 900 கூடுதல் துடிப்புகள்; 500 ஐத் தாண்டினால் கணக்கில் எடுப்பார்கள். எம்ஆர்ஐயில் வலது கீழறை சற்றே விரிந்திருந்தாலும் இயக்கம் நன்றாக இருந்தது. மயக்கம் ஒருநாளும் வந்ததில்லை. அண்ணாவுக்குக் கருவி என்றால் எனக்கும் வைத்துவிடுங்கள் என்று அம்மா அழுதார். டொக்டர் மறுத்தார். 2019 இல் வெளியான ஆபத்துக் கணிப்பு முறை ஒன்று இருக்கிறது. வயது, ஆணா பெண்ணா, அண்மையில் மயக்கம் வந்ததா, கூடுதல் துடிப்புகள் எத்தனை, வலது கீழறையின் வலு எவ்வளவு என்பவற்றை வைத்து அடுத்த ஐந்து வருடத்தின் ஆபத்தைக் கணிப்பது. நீடித்த வேகத்துடிப்பு இன்னும் வராதவர்களுக்கானது அது. என் கணக்கில் கருவியின் தீங்கு அதன் நன்மையைவிட அதிகமாக வந்தது. பீட்டா புளொக்கர், ஓட்டம் இல்லை, வருடத்துக்கு ஒருமுறை ஹோல்டரும் எக்கோவும். நான் படிப்பிக்கும் பாடசாலையில் விளையாட்டுப் போட்டிப் பொறுப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

தம்பிக்கு 27 வயது. எல்லாப் பரிசோதனையும் சுத்தம். கண்ணிவெடி அகற்றும் வேலையில் இருக்கிறார், மாலையில் கரப்பந்து. இவருக்குத்தான் முடிவு உண்மையில் கடினம். இன்று சுத்தம் என்பது நாளைக்கு உத்தரவாதம் இல்லை. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை பரிசோதனை தொடரவேண்டும். அல்லது மரபணுப் பரிசோதனை. முதலில் நோய் உள்ளவரின் இரத்தத்தில் பிழையைத் தேடவேண்டும். ஏறக்குறைய பாதிப் பேரில் கண்டுபிடிக்கிறார்கள். அண்ணாவின் இரத்தத்தில் பிகேபி2 பிழை கிடைத்தது. இனித் தம்பி ஒரே ஒரு இடத்தைப் பார்த்தால் போதும். இல்லை என்று வந்தால் அவரும் அவருடைய பிள்ளைகளும் வாழ்நாள் கிளினிக்கிலிருந்து விடுதலை, கரப்பந்தும் தாராளம். இருக்கிறது என்று வந்தால், ஈசிஜி சுத்தமாக இருந்தாலும் கடும் விளையாட்டை விடச் சொல்வார்கள்.

தம்பி இரத்தம் கொடுக்கவில்லை. கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஊரில் ஒரு கதை எவ்வளவு வேகமாகப் போகும் என்று எனக்கும் தெரியும். எனக்கு வந்த சம்பந்தம் ஒன்று என் ஹோல்டரோடு நின்றுபோனது. ஆனாலும் என் பக்கம் தெளிவு. பெண் வீட்டாருக்கு மறைத்துச் செய்யும் கல்யாணத்தில், கரப்பந்துத் திடலில் அவர் சரிந்தால் அந்தப் பிள்ளைக்கு நாங்கள் என்ன சொல்வது? கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் மனித மரபியல் பிரிவு போன்ற இடத்தில், இரத்தம் கொடுப்பதற்கு முன் ஆலோசனை பெற்று, பதில் எப்படி வந்தால் என்ன செய்வது என்று கேட்டுவிட்டு முடிவெடுக்கலாம். பரிசோதனை வேண்டாம் என்பதும் அவருடைய உரிமை. அப்படியானால் கரப்பந்தை விட்டு, கிளினிக்கைத் தொடரவேண்டும். பரிசோதனையும் வேண்டாம், கட்டுப்பாடும் வேண்டாம் என்ற மூன்றாவது வழியை மட்டும் நான் ஏற்கவில்லை. அதை அவரிடம் நேராகவே சொல்லியிருக்கிறேன்.

அண்ணாவின் மகனுக்குப் பதினொரு வயது. பரிசோதனையைப் பத்து, பன்னிரண்டு வயதிலிருந்து தொடங்குவார்கள். அவனுக்கு மரபணுவா, வெறும் ஈசிஜியா என்பதில் அண்ணியும் அண்ணாவும் ஒத்துப்போகவில்லை. எனக்கு அண்ணி சொல்வது சரியாகப் படுகிறது: இப்போதே பார்த்துவிட்டால், இல்லை என்ற பிள்ளையைத் தேவையில்லாமல் மைதானத்திலிருந்து மறித்து வைக்கமாட்டோம், இருக்கிறது என்றால் சங்கீதம், சதுரங்கம், மெல்லச் சைக்கிள் என்று இப்போதே மனம் பழகும். பதினாறு வயதில் பாடசாலை அணிக்குத் தெரிவான பிறகு பறிப்பதுதான் கொடுமை.

நெஞ்சு அழுத்தும் முதலுதவியை வீட்டில் எல்லோரும் பழகியிருக்கிறோம், பதினொரு வயதுக்காரன் உட்பட. நெஞ்சின் நடுவே, ஐந்து சென்ரிமீற்றர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, அம்புலன்ஸ் வரும்வரை. அண்ணாவின் கருவி அட்டையின் பிரதி, குளிசைப் பெயர்கள், கிளினிக் இலக்கம் மூன்றும் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கின்றன.

என் அடுத்த ஹோல்டர் ஆவணி விடுமுறையில். ஒருமுறை மயங்கி விழுந்தாலோ, படபடப்பு அரை நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ என் முடிவு அன்றே மாறும். ஹோல்டர் வரை காத்திருக்காமல் அன்றே வைத்தியசாலை. இதை அம்மாவிடமும், அதிபரிடமும், பக்கத்து வீட்டு அக்காவிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். விழுவது நானாக இருந்தால் அதை நினைவில் வைத்திருக்க வேண்டியவர்கள் அவர்கள்.